மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் நல்லவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் பெங்களூருத் தெருக்களில் தண்ணீர் நின்றால், யாராவது ஒருவர் கடப்பாரையோடு வந்து பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் திறந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் தெரு வடிந்துவிடும். அக்கம்பக்கத்தார் நன்றி சொல்வார்கள். அதே நேரத்தில் நாலு தெரு தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் குளியலறையில், தரையில் தண்ணீர் போகும் வாயான நானி ட்ராப் வழியாக மலம் கலந்த நீர் பொங்கிக்கொண்டிருக்கும். திறந்த குழி தண்ணீருக்கடியில் இருப்பது தெரியாமல் நடந்து வருகிறவர் கதி வேறு.

இதையே சத்தமில்லாமல் செய்வது மாடிக் குழாய். மழைநீரை வாசலில் விட்டால் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு, தேங்கினால் கொசு என்று யோசித்து, வீட்டுக் கழிவுநீர் சேரும் மூடிபோட்ட குழியான சேம்பரில் இணைத்துவிடுகிறார்கள். கேட்காமலே இணைத்துத் தரும் பிளம்பர்களும் எங்கள் தொழிலில் உண்டு. ஒரு எல்போ (வளைவு இணைப்பு), இரண்டடிக் குழாய், வேலை முடிந்தது.

யூஜிடி எனும் பாதாளச் சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்கு மட்டும் அளவெடுத்துப் போட்டது. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 540 லிட்டர் செலவு. அதில் 80 சதவீதம், சுமார் 430 லிட்டர், சாக்கடைக்குப் போகும். முப்பதுக்கு நாற்பது சைட்டை அடைத்துக் கட்டிய வீட்டின் மாடி 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டினால் அந்த மாடியிலிருந்து இறங்குவது 4,400 லிட்டர். பத்து நாள் கழிவு ஒரே மணி நேரத்தில்! தெருவில் இருபது வீடு இப்படி இணைத்திருந்தால் ஆறங்குலக் குழாய் என்ன செய்யும்? மண்ணும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து போய் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். பிறகு அடைப்பெடுக்க யாரையாவது உள்ளே இறக்கப் பார்ப்பார்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு நல்லெண்ணம்: நிலத்தடி நீர் பெருகட்டும் என்று மாடிக் குழாயை நேராக போர்வெல்லின் கேசிங் எனும் வெளிக்குழாய்க்குள் சொருகுவது. புறா எச்சமும் தூசியும் மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். அக்கம்பக்கத்து போர்வெல்களுக்கும் அது போகும்.

உங்கள் வீட்டு இணைப்பு எப்படி என்று தெரிய, வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மாடிக் குழாய் வாயில் ஊற்றுங்கள். சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். நீலம் வந்தால் இணைப்பு தப்பு. எல்போவைக் கழற்றி, சேம்பர் வாயை எண்ட் கேப் போட்டு அடைத்துவிட வேண்டும். குழாயின் அடியில் ஒரு டீயும் (மூவழி இணைப்பு) வால்வும் வைத்து, கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையின் பத்துப் பதினைந்து நிமிட நீரை வெளியே விட்டுவிடலாம். அதன்பின் வரும் நீர் வடிகட்டி வழியாக சம்ப் எனும் தரைக்கடித் தொட்டிக்கு. சம்ப் நிரம்பி வழிவது உறைகிணற்றுக்கு.

மூன்றடி விட்டம், இருபதடி ஆழமுள்ள உறைகிணறு சுமார் 4,000 லிட்டர் பிடிக்கும். பிடித்தபடியே மண்ணுக்குள்ளும் இறக்கும். உறைகளின் இணைப்பில் சிமென்ட் பூசக் கூடாது, அடியில் கான்கிரீட் போடக் கூடாது. தொட்டி கட்டிப் பழகிய கொத்தனார் இரண்டையும் செய்துவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள். உறைக்கு வெளியே ஜல்லி நிரப்பி, மேலே கனமான மூடி போட வேண்டும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலோ, தரைக்குக் கீழுள்ள செல்லாரின் சுவரை ஒட்டியோ வேண்டாம். பழைய ஏரிப் படுகையில் கட்டிய வீட்டில் நிலமே ஊறிக் கிடப்பதால் இது எடுபடாது. அங்கே சம்பைப் பெரிதாக்குவதுதான் வழி. வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜெயநகரில் பெங்களூருக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மழைநீர் சேகரிப்புப் பூங்கா இருக்கிறது.

தெருவில் தண்ணீர் நின்றால் கடப்பாரையை வைத்துவிட்டு, நடைபாதை ஓர மோரியின் (மழைநீர் வடிகால்) வாயை அடைத்திருக்கும் இலையையும் கவரையும் நீளக் கம்பால் இழுத்துப் போடுங்கள். ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாயான ராஜகால்வாய்க்குத் தண்ணீர் போகும் வழி அதுதான். மேன்ஹோல் பொங்கினால் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியம் புதிய யூஜிடி இணைப்பு கொடுக்கும் முன் இந்த வாளிச் சோதனையைக் கட்டாயமாக்கக் கோருகிறோம். ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
குழாய் வேலை செய்வோர் சிலர்,
அல்சூர், பெங்களூரு