பக்கத்து வீட்டுக்காரர் போன் எண்ணை யார் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழின் வாசகர் பக்கத்தில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். சமையலறையில் நின்றுகொண்டு மிக்ஸி மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் பேசினாராம், சாயங்காலமே போனில் மிக்ஸி விளம்பரம் வந்துவிட்டதாம், அதனால் போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது என்று முடிவு கட்டி, போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கத் தொடங்கிவிட்டாராம். எங்கள் குடியிருப்பிலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் பயப்பட வேண்டிய இடம் மைக் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பும் செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. மாறாக, நாம் திரையில் செய்வதைப் படமாக எடுத்து வெளியாருக்கு அனுப்பும் செயலிகள் சில அகப்பட்டன. அதற்காக மைக் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிள் போன்களில் கூப்பிட்டால் பதில் சொல்லும் 'சிரி' (Siri) என்ற குரல் உதவியாளர், கூப்பிடாதபோதும் விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்தது என்ற வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் தந்து சமரசமாகப் போக ஆப்பிள் 2025 ஜனவரியில் சம்மதித்தது.

எதிர் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான், கேள்வி கேட்டே ஆளை உட்கார வைத்துவிடுவான். அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். பேச்சை நன்றாகச் சுருக்கி விநாடிக்கு 16 கிலோபிட் என்று வைத்துக்கொண்டாலும், நாம் விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 115 எம்பி ஆகிறது. தினமும் அவ்வளவு டேட்டா போனால் செட்டிங்ஸில் கண்ணுக்குத் தெரியுமே என்றேன். "போனே அதை எழுத்தாக மாற்றி அனுப்பினால் கொஞ்சம்தானே ஆகும், ஆன்ட்டி?" என்றான். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் டேட்டா மிச்சம்தான், ஆனால் நாள் முழுக்க அந்த வேலை நடந்தால் பேட்டரி தாங்காது, புதிய போன்களில் மைக் திறந்தால் மேலே ஒரு பச்சைப் புள்ளியோ ஆரஞ்சுப் புள்ளியோ எரியும் என்று சொன்னேன். அவன் அதோடு விடவில்லை. ஒட்டகத் தோல் செருப்பு என்று ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை எங்கும் தேடாமல், போன் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். அப்புறம் வந்த விளம்பரங்களை எல்லாம், பேசிய பொருள், பேசாத பொருள் என்று பிரித்து நோட்டில் எழுதினான். பேசாத பக்கம்தான் நிரம்பியது, செருப்பு வரவேயில்லை. ஒரே போனில் செய்து பார்த்தது நிரூபணம் ஆகாது என்று அவனே சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாள் முழுக்க எத்தனையோ விளம்பரங்கள் கண்ணைக் கடந்து போகின்றன, பேச்சோடு ஒத்துப்போகும் ஒன்றுதான் மனதில் தங்குகிறது, மற்றதைக் கற்பனை நிரப்பிக்கொள்கிறது.

சரி, அப்படியானால் அந்த மிக்ஸி எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரர் தன் போனில் விலை பார்த்திருக்கலாம். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் எல்லாம் வெளியே ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதாகத்தான் பெரும்பாலும் தெரியும், ஒரே வீட்டு ஆட்கள் என்று ஊகிக்க விளம்பரக்காரர்களுக்கு அது போதும். அல்லது ஏதாவது பாத்திரக் கடையில் பில் போடும்போது போன் நம்பர் சொல்லியிருப்பார். கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர் எண்களின் பட்டியலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற தளங்களில் ஏற்றி, அதே எண் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்டச் சொல்ல முடியும், இது ஒளிவுமறைவில்லாமல் நடக்கிற வியாபாரம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது, ஆனாலும் வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது வாக்குவாதம் எதற்கு என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

இதுவரை சொன்னது நம்முடைய விவரம். எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருப்பது அடுத்தவர் விவரம்தான். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலியோ போட்டோ அழகாக்கும் செயலியோ 'கான்டாக்ட்ஸ்' அனுமதி கேட்கிறது, நாம் 'அலோ' அழுத்துகிறோம். அந்த நொடியில் மேல்மாடி அம்மா, பால்காரர், பிள்ளையின் வகுப்பு ஆசிரியை, ஊரில் இருக்கும் சித்தப்பா எல்லோருடைய எண்ணும் யாரோ ஒருவர் கைக்குப் போக வழி திறந்துவிடுகிறது, அவர்களில் ஒருவரைக்கூட நாம் கேட்கவில்லை. எண் மட்டுமா போகிறது? 'சர்க்கரை டாக்டர்', 'வட்டிக்காரர்', 'விவாகரத்து வக்கீல்' என்று நாம் என்ன பெயரில் சேமித்தோமோ அதுவும் போகிறது. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் சில, பலருடைய பட்டியல்களைத் திரட்டித்தான் வளர்ந்தன.

இதன் கோர முகத்தை 2020-லும் அதற்குப் பிறகும் நாடே பார்த்தது. கடன் செயலிகளில் அவசரத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் வாங்கியவர்களின் தொடர்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தவணை தவறியதும் உறவினர், அலுவலக ஆட்கள், அக்கம்பக்கத்தார் என்று எல்லோருக்கும் அசிங்கமான செய்திகளை அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்று விதித்தது. கூகுளும் தன் பிளே ஸ்டோரில் 2023 மே 31 முதல் இதற்குத் தடை போட்டது. மற்ற செயலிகள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது நியாயம்தான், அத்தைக்கு ஒரு நம்பர் அனுப்பியதற்கெல்லாம் வழக்குப் போட முடியுமா? அதனால் அண்டை வீட்டாரின் எண்ணைக் காப்பது நம் பழக்கத்தில்தான் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகிறார், கேட்டவர்களுக்கெல்லாம் அதற்கு மறுசாவி அடித்துக் கொடுப்போமா? எண்ணும் அதே நம்பிக்கையில் கொடுக்கப்பட்டதுதான்.

எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு பெரிய நோட்டு இருந்தது. வருகிறவர்கள் பெயர், எந்த வீடு, போன் நம்பர் எல்லாம் எழுத வேண்டும், முன்னால் வந்தவர்கள் எழுதியது அத்தனையும் அடுத்து வருபவர் கண்ணில் படும். டியூஷன் சொல்லிக்கொடுக்க வரும் ஒரு பெண்ணுக்கு ராத்திரி நேரத்தில் முன்பின் தெரியாத ஆளிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. நோட்டிலிருந்துதான் எண் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போகிற வழி அங்கே திறந்து கிடந்தது. சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம், இரண்டு பேர் பாதுகாப்புக்கு அது வேண்டுமே என்றார்கள், அதுவும் நியாயமான கவலை. இப்போது தனித் தனிச் சீட்டு, எழுதியதைக் காவலாளி அண்ணன் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார், மாதக் கடைசியில் கிழித்துப்போடுகிறோம்.

அந்தச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது நல்லதுதான், தூக்கமாவது நன்றாக வரும். அதோடு ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் 'பிரைவசி', அதில் 'பெர்மிஷன் மேனேஜர்', அதில் 'கான்டாக்ட்ஸ்' திறந்து பாருங்கள். எந்தெந்தச் செயலிக்கு உங்கள் பட்டியல் திறந்திருக்கிறது என்று அங்கே வரிசையாக இருக்கும். தேவையில்லாததை அங்கேயே நிறுத்தலாம்.

ஆசிரியருக்கும் ஒன்று. வாசகர் பக்கத்திலும் குறுக்கெழுத்துப் போட்டி முடிவிலும் சிலருடைய கதவு எண், தெரு, கைப்பேசி எண் வரை அச்சாகிறது. இதழ் இப்போது இணையத்திலும் வருவதால் அது யார் தேடினாலும் கிடைக்கும். இனிமேல் பெயரும் ஊரும் மட்டும் போடுங்கள், பழைய இணைய இதழ்களில் இருக்கும் எண்களையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.