அந்த மானின் பின்னங்கால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சைபீரியாவின் அல்தாய் மலைகளில் உறைபனியில் கிடைத்த, உடம்பில் பச்சை குத்திய பழங்காலப் பெண்ணான 'பனி இளவரசி' பற்றிய கட்டுரையையும், அதற்கு முழுப் பக்கத்தில் போட்டிருந்த வண்ண ஓவியத்தையும் பார்த்தேன். மதுரையில் பதினோரு வருடமாகப் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறேன். போர்டில் 'டாட்டூ' என்று எழுதியிருந்தாலும், பச்சை குத்துற அக்கா கடை என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தோளில் உள்ள மானை இதுவரை எட்டுப் பேருக்குக் குத்தியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியர் நல்ல கைக்காரர். முகத்தில் வெளிச்சத்தை விழவைத்த விதம் அருமை. ஆனால் மானை வலது தோளில் போட்டுவிட்டார். அது இடது தோள். அதைவிடப் பெரிய பிழை, மான் காலண்டர் மானைப் போல நாலு காலில் நிற்கிறது. அல்தாய் மலை மான் அப்படி நிற்காது. முன்னுடம்பு ஒரு பக்கம் போக, இடுப்புக்குக் கீழே முறுக்கிக்கொண்டு பின்னங்கால்கள் வானத்தைப் பார்க்கும். வாய்க்குப் பதில் கழுகு அலகு. கொம்பின் நுனிகளில் குட்டிக் குட்டிப் பறவைத் தலைகள். முதல் தடவை குத்தியபோது, பிரதி எடுத்தவர்தான் தப்பாக வரைந்துவிட்டார் என்று நினைத்து நானே காலைத் திருத்திப் போட்டுவிட்டேன். மரம், தோல், கம்பளி என்று எதில் செய்தாலும் அந்தப் பெண்ணின் கூட்டத்தாரான பாசிரிக் மக்கள் மிருகத்தை இப்படி முறுக்குவார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வாடிக்கையாளரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் உங்கள் பத்திரிகை வாங்குபவராக இருக்கக் கூடாது.

அடுத்தது நகை. ஓவியத்தில் தலை நிறையக் கட்டித் தங்கம். அந்தப் பெண்ணின் தலையில் இருந்ததோ பொய்முடி, ஏறத்தாழ மூன்றடி உயரம். நெய்யாமல் நனைத்து அழுத்திச் செய்யும் கம்பளியை ஃபெல்ட் என்பார்களே, அதன் மேல் கட்டியது. அதில் செருகியிருந்த பறவைகள் மரத்தில் செதுக்கித் தங்கத் தகடு ஒட்டியவை. கம்பளிப் பாவாடை, பட்டுச் சட்டை, தொடை வரை ஏறும் ஃபெல்ட் காலுறை, ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் கல் தட்டில் கொத்தமல்லி விதை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கல்லறையில் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சாமான்! ஓவியத்தில் அதற்கு ஓர் ஓரமாவது கொடுத்திருக்கலாம்.

'பனிப்பாறைக்குள் சிக்கிய' என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. ரஷ்யா, சீனா, மங்கோலியா, கசகஸ்தான் நான்கும் நெருங்கும் உகோக் பீடபூமியில், குழிக்குள் மரச்சட்டங்களால் அறை அமைத்து, மேலே கல்லைக் குவித்துப் புதைத்திருக்கிறார்கள். உள்ளே கசிந்த தண்ணீர் உறைந்து, பிறகு உருகவே இல்லை. மேலடுக்கில் வேறொருவரைப் பிற்காலத்தில் புதைத்திருந்தார்கள். திருடர்கள் அந்த மேல் கல்லறையைக் கொள்ளையடித்த திருப்தியில் திரும்பிவிட்டார்கள். 1993ல் தொல்லியலாளர் நதாலியா போலோஸ்மாக் குழுவினர் சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் பனியைக் கரைத்தார்கள். ஆறு குதிரைகளும் கூடவே புதைந்திருந்தன. இளவரசி என்ற பட்டம் செய்தித்தாள்கள் சூட்டியது. தலைவர்களின் கல்மேடுகள் இதைவிட எவ்வளவோ பெரியவை.

என்னை அதிகம் இழுத்தது இன்னொரு பெண். அவரும் பாசிரிக் காலத்தவர், ஐம்பது வயதை ஒட்டியவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவர் கைகளை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து 2025ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஊசிமுனைகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிக் குத்தியிருக்கிறார்கள், மெல்லிய கோட்டுக்கு ஒற்றை ஊசி. வலது முன்கையில் வேலை அவ்வளவு சுத்தம், இடது கையில் சுமார். குத்தியது இரண்டு பேராக இருக்கலாம், அல்லது ஒருவரே கை பழகுவதற்கு முன்னும் பின்னும் குத்தியிருக்கலாம் என்கிறார்கள். எங்கள் கடையில் வேலை பழகும் பையன் ஞாபகம் வந்துவிட்டது. என் அப்பத்தாவின் முன்கைக் கோலத்திலும் முழங்கைப் பக்கம் ஒரு புள்ளி தப்பியிருக்கும். "குறத்தியம்மா பாட்டை முடிச்சுட்டா, கோலம் முடியலை" என்று சிரிப்பார்.

இனி நான் எழுத வந்த விஷயம். கட்டுரைக்குக் கீழே பனி இளவரசியின் உடலின் நிழற்படத்தையும் போட்டிருந்தீர்கள், மேலே துணியில்லாமல். அல்தாய் மக்கள் அவரைத் தங்கள் முன்னோராக நினைக்கிறார்கள். தங்கள் காப்பிய நாயகி ஓச்சி-பாலாவின் பெயரால் அழைப்பவர்களும் உண்டு. உடலை சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்துக்குக் கொண்டுபோனதிலிருந்து திருப்பிக் கேட்டார்கள். 2003ல் அங்கே பெரிய பூகம்பம் வந்தபோது, அவர் கோபம்தான் என்று பலர் சொன்னார்கள். பூகம்பம் ஏன் வருகிறது என்று எனக்கும் தெரியும். அதற்காக அவர்கள் கேட்டது தப்பாகிவிடாது. 2012ல் அல்தாயின் தலைநகரான கோர்னோ-அல்தாய்ஸ்க் அருங்காட்சியகத்துக்குத் திரும்பினார். மண்ணுக்குத் திரும்பவில்லை.

2014ல் ஸ்கேன் ஆய்வு, அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்றது. இறந்தபோது வயது இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. என் எட்டுப் பேரில் ஒருவர் அதே நோய்க்கு அறுவைச் சிகிச்சை முடித்துவிட்டு, கதை தெரிந்தே அந்த மானைக் கேட்டு வந்தவர். நான் போனில் உடலின் படத்தை எடுத்தேன். "அது வேண்டாம் அக்கா, மானை மட்டும் காட்டுங்க" என்றார். அன்றைக்கு ஆல்பத்திலிருந்து அதை அழித்தேன். உண்மையில் தொழிலுக்கும் அதனால் பயனில்லை. சுருங்கிய தோலில் கோடு பிடிபடாது. ஆய்வாளர்கள் எடுத்த கோட்டுப் பிரதியில் கொம்பின் ஒவ்வொரு வளைவும் தெளிவாக இருக்கிறது.

அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால் அந்த நிழற்படம் வேண்டாம். உங்கள் ஓவியரே வரையட்டும். கோட்டுப் பிரதி என் கடையில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் நகலெடுத்துத் தருகிறேன். இடது தோள், பின்னங்கால் மேலே.

இப்படிக்கு,
பச்சை குத்தும் வாசகி,
செல்லூர், மதுரை.