படகு வாழ்க்கைக்கு மாசம் எவ்வளவுன்னு மட்டும் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைய விட்டுட்டு பாய்மரப் படகுலயே குடியிருந்து நாடு நாடா சுத்தறவங்களப் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, படிச்ச நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கும், அந்த ஆசைல தப்பே இல்ல, நானும் என் வீட்டுக்காரரும் பல வருஷமா அப்படித்தான் வாழறோம். ஆனா அதுல மாசம் இவ்வளவுதான் ஆகுது, வாடகை வீட்டுல இருக்கறத விட கம்மின்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அத பொய்னு சொல்லல, அது பாதிக் கணக்கு. அத நம்பி சேத்து வெச்ச பணத்த மொத்தமா படகுல போட்டு ரெண்டாவது வருஷமே படக கரையேத்தி விட்டுட்டு ஊருக்கு திரும்பினவங்கள நான் ஒவ்வொரு துறைமுகத்துலயும் பாத்திருக்கேன், அதனால சொல்லாம இருக்க முடியல.

மாசச் செலவுன்னு பாத்தா சாப்பாடு, கேஸ், டீசல், போன், இன்டர்நெட், அவ்வளவுதான். காத்துக்கு காசு கிடையாது, நங்கூரம் போட்டு நிக்க நிறைய இடத்துல காசு கிடையாது, சோலார் பேனல் போதுமான அளவு இருந்தா கரன்ட் பில்லும் கிடையாது. அதனால அந்த நம்பர் கம்மியாத்தான் வரும். ஆனா படகோட பெரிய செலவு எதுவுமே மாசா மாசம் வர்றதில்ல, மூணு வருஷத்துக்கு ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு, பத்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு வரும், வரும்போது மாசக் கணக்குல மிச்சம் புடிச்சதெல்லாம் ஒரே பில்லுல போயிடும்.

ரிக்கிங்க எடுத்துக்கோங்க. பாய்மரத்த நாலு பக்கமும் இழுத்துப் பிடிச்சிருக்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிங்க. பத்து வருஷத்த ஒட்டி மாத்திடணும்னு பொதுவா சொல்லுவாங்க. பாக்க பளபளன்னுதான் இருக்கும், ஆனா ஸ்டெயின்லெஸ் துரு புடிக்காம இருக்கணும்னா அதுக்கு காத்துப் படணும், கம்பி ஃபிட்டிங்குக்குள்ள நுழையற இடத்துலயும் அந்தக் கம்பிய படகோட உடம்போட சேத்துப் பிடிக்கற, மேல்தளத்துக்குள்ள புதைஞ்சிருக்கற செயின்பிளேட்ங்கற இரும்புப் பட்டைலயும் உப்புத்தண்ணி தேங்கி வெளிய தெரியாமலே உள்ள அரிச்சிடும். ஒரு கம்பி போனா மரமே சாயும். அதனாலதான் பத்து வருஷம் தாண்டின ரிக்கிங்க மாத்து, இல்ல செக் பண்ணின ரிப்போர்ட்டக் குடுன்னு நிறைய இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க கேக்கறாங்க. சரி, பத்து வருஷம்னா 120 மாசம், அந்தச் செலவ 120ஆல வகுத்து மாசா மாசம் எடுத்து வெச்சா வலிக்காது. ஆனா நம்ம வாங்கறது பழைய படகு, அதுல ரிக்கிங்குக்கு ஏற்கெனவே எட்டு வயசு ஆயிடுச்சுன்னா? கையில இருக்கறது 24 மாசம்தான், அப்போ மாசம் எடுத்து வைக்க வேண்டியது அஞ்சு மடங்கு. முந்தின ஓனர் எட்டு வருஷம் அனுபவிச்சிட்டு போயிட்டார், அதுக்கான பணத்த நாமதான் கட்டப்போறோம். இத வாங்கும்போதே விலையில குறைச்சுப் பேசணும். படகு வாங்கறதுக்கு முன்னாடி படகோட நிலைமைய சோதிச்சு சொல்ற சர்வேயர வெச்சு பாப்பாங்க, வாங்கறவங்கதான் அவருக்கு பணம் குடுக்கணும், குடுத்தே ஆகணும், ஆனா நிறைய சர்வேயருங்க மரத்துமேல ஏற மாட்டாங்க, ரிக்கிங்குக்கு தனியா ரிக்கர வெச்சு பாக்கணும், இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

இதே கணக்கதான் படகுல இருக்கற ஒவ்வொரு பொருளுக்கும் போடணும். பாய், பேட்டரி, நங்கூரச் சங்கிலி, கரைக்குப் போய் வர்ற சின்னப் படகு டிங்கி, அதோட பின்னாடி மாட்டற அவுட்போர்டு இன்ஜின், ஆட்டோபைலட், எல்லாத்துக்கும் ஒரு ஆயுசு இருக்கு. ஒரு நோட்டு போட்டு பொருள், இப்போ அதோட வயசு, இன்னும் எத்தன வருஷம் ஓடும், புதுசு வாங்க எவ்வளவுன்னு எழுதுங்க. சில பொருளுக்கு தேதியே அச்சடிச்சிருக்கும். ஆபத்துல உதவி கேட்டு விடற தீப்பொறி விளக்கு, ஃப்ளேர், சுமாரா மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும். படகு முழுகினா ஏறித் தப்பிக்கற காத்தடைச்ச மிதவை, லைஃப் ராஃப்ட, சீல் பிரிச்சு சர்வீஸ் பண்ணணும், பல மாடலுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. படகு முழுகினா சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்பற ஈபெர்ப் கருவிக்கு பேட்டரி மாத்தணும். சில இன்ஜினோட வர்ற, படகோட அடி வழியா இறங்கி ப்ரொப்பெல்லர சுத்த வைக்கற செயில்டிரைவுக்கு அடியில பெரிய ரப்பர் சீல் ஒண்ணு இருக்கும், ஏழு வருஷத்துல மாத்தச் சொல்ற தயாரிப்பாளர் உண்டு, ரப்பர் என்னமோ சின்ன பொருள்தான், அத மாத்த படக தண்ணிய விட்டு தூக்கணும், இன்ஜினயும் நகத்தணும், செலவு அங்கதான். இதுல எதுவும் மாசக் கணக்கு நோட்டுல தெரியாது.

அடிப்பாகத்து பெயிண்டும் அப்படித்தான், ஆன்டிஃபவுலிங்னு சொல்லுவாங்க, பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க அடிக்கறது, பெரும்பாலும் தாமிரம் கலந்தது. ஒரு வருஷம் இல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ படக கிரேன்ல தூக்கி, கரைல படகு பழுது பாக்கற இடமான யார்டுல நிறுத்தி சுரண்டி அடிக்கணும். தூக்க காசு, நிறுத்த நாளுக்கு காசு, பெயிண்டு தனி. இதத் தள்ளிப் போடலாம்னு தோணும், வேகம் கொஞ்சம் குறையும் அவ்வளவுதானேன்னு. அப்படி இல்ல. நியூசிலாந்துல 2018ல இருந்து அடிப்பாகம் சுத்தமா இல்லாத படகுக்கு ரொம்ப கண்டிப்பு, பசிபிக்ல இருக்கற கேலபகோஸ் தீவுகள்லயும் முக்குளிச்சு பாத்துதான் விடறாங்க, அழுக்கா இருந்தா திரும்ப நடுக்கடலுக்கு போய் சுத்தம் பண்ணிட்டு வான்னு அனுப்பிடுவாங்க. யார்டு செலவுல மிச்சம் புடிக்க ஒரே வழி நாமளே சுரண்டி நாமளே பெயிண்டு அடிக்கறதுதான், அதுக்கு அனுமதிக்கற யார்டா பாத்துப் போங்க, சில யார்டுல அவங்க ஆளுங்க மட்டும்தான் தொடணும்னு சொல்லிடுவாங்க.

வருஷத்துக்கு படகு விலையில பத்து சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்குன்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்லுவாங்க. புதுப் படகுக்கு, இல்ல ஓரளவு புதுசுக்கு அது சரியா வரும். பழைய படகுக்கு அந்தக் கணக்கு ஆபத்து. நாப்பது அடி பழைய படகு ஒண்ணு, நாப்பது அடி புதுப் படகு ஒண்ணு, பழசோட விலை புதுசுல அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க, ரிக்கிங் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை, பாய் ஒரே விலை, கிரேன்காரர் படகோட வயசப் பாத்து காசு கேக்கறதில்ல, நீளத்தப் பாத்துதான் கேக்கறார். அதுனால சதவீதத்த நீங்க குடுத்த விலையில போடாதீங்க. இல்லன்னா யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதையாத்தான் முடியும்.

நீளம்னதும் இன்னொண்ணு சொல்லணும், இதுதான் எல்லாத்துக்கும் மேல முக்கியம்னு எனக்குத் தோணுது. முப்பது அடில இருந்து நாப்பது அடிக்கு போனா மூணுல ஒரு பங்குதானே கூடுதுன்னு நினைப்போம். அதே வடிவத்துல எல்லாப் பக்கமும் பெருசாச்சுன்னா மேல்பரப்பு சுமாரா 1.8 மடங்கு ஆயிடும், எடை 2.4 மடங்கு கிட்ட போயிடும். எடை கூடினா நங்கூரம் பெருசு, சங்கிலி தடிப்பு, கயிறு தடிப்பு, கயித்த சுத்தி இழுக்கற வின்ச் பெருசு, இன்ஜின் பெருசு, அதுக்கு டீசல் அதிகம். ரெண்டு அடிக்கூடு இருக்கற கேட்டமரானா இருந்தா பல மரினாக்கள்ல (வாடகைக்கு படகு கட்டற துறைங்க) ஒன்றரை மடங்கு வாடகை. படகு ஷோல போய் நின்னு பாக்கறப்ப பெருசுதான் கண்ணுக்குப் புடிக்கும், எனக்குத் தெரியும், ஆனா ரெண்டு பேருக்கு எது போதுமோ அதுல சின்னதா வாங்கறவங்கதான் நீண்ட நாள் கடல்ல இருக்காங்க, நான் பாத்த வரைக்கும் இதுல மாத்தமே இல்ல. மொத்த சேமிப்புல பாதிக்கு மேல படகு விலைக்கே போகக்கூடாதுங்கறது என்னோட அபிப்பிராயம், மீதி இருந்தாதான் படக சரி பண்ணவும் வாழவும் முடியும்.

நங்கூரம் போட காசு இல்லன்னு சொன்னேன்ல, அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மத்தியதரைக் கடல்ல கோடைல மரினா வாடகை மத்த மாசத்த விட பல மடங்கு ஏறும், குளிர்காலத்துல புயலடிக்கறப்ப வெளிய நிக்கவும் முடியாது. கரீபியன்ல அட்லான்டிக் சூறாவளி சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், அந்த மாசங்கள்ல பாலிசில குறிச்சிருக்கற புயல் எல்லைக்கு உள்ள படகு இருந்தா பெயருள்ள புயலுக்கு கவர் கிடையாது, இல்லன்னா நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய பங்கு பெருசுன்னு பாலிசில எழுதியிருக்கும். அதனால ஒண்ணு தெக்கால கிரெனடா, டிரினிடாட் பக்கம் போகணும், இல்ல யார்டுல ஏத்தி தரையோட பெல்ட் போட்டுக் கட்டணும், ரெண்டும் காசுதான். அப்படி தெக்கால போனாலும் முழு உத்தரவாதம் கிடையாது, 2004ல ஐவன் புயல் கிரெனடாவ அடிச்சது, 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் புயல் அதே நாட்டச் சேந்த கரியகூ தீவுல கரையேறி, பாதுகாப்புன்னு சதுப்புநிலக் காட்டுக்குள்ள கட்டி வெச்சிருந்த படகுகளையும் நாசம் பண்ணிடுச்சு. 2017ல இர்மா, மரியா புயலுங்களுக்கு அப்புறம் பிரீமியம் நல்லா ஏறிடுச்சு. இன்ஷூரன்சே வேணாம்னு ஓட்டறவங்களும் இருக்காங்க, அவங்கவங்க இஷ்டம், ஆனா அடுத்தவங்க படக இடிச்சா கட்ட மூணாம் நபர் இன்ஷூரன்ஸாவது இல்லாம நிறைய மரினாக்கள்ல உள்ளயே விடமாட்டாங்க.

விசாவும் செலவுதான். ஐரோப்பால ஒரே விசால போய் வர்ற ஷெங்கன் நாடுகள்ல எந்த 180 நாள் எடுத்துக்கிட்டாலும் 90 நாள்தான் இருக்கலாம், படகு அங்க அதிகமா இருக்கலாம், நாம இருக்க முடியாது. முன்னாடி குரோவேஷியாவுக்கு போய் நாள் கடத்துவாங்க, 2023 ஜனவரில அதுவும் ஷெங்கன்ல சேந்துடுச்சு, இப்போ மான்டினீக்ரோ, அல்பேனியா, துருக்கின்னு போறாங்க. இல்லன்னா படக மரினாவுல விட்டுட்டு ஃப்ளைட் புடிக்கணும், அப்போ மரினா வாடகையும் டிக்கெட்டும் சேந்து வரும். கையில எந்த நாட்டு பாஸ்போர்ட்டுங்கறதப் பொறுத்து விசா ஃபீஸ் எக்கச்சக்கமா மாறும், இன்னொருத்தர் பட்ஜெட்ட அப்படியே காப்பி அடிக்க முடியாததுக்கு இதுவும் ஒரு காரணம். பனாமா கால்வாய தாண்டணும்னா ஃபீஸ் மட்டும் இல்ல, கயிறு புடிக்க நாலு பேரும், 125 அடில நாலு கயிறும் வேணும். வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா உடனே கிளம்ப ரெண்டு டிக்கெட் காசு எப்பவும் தொடாம இருக்கணும், அத பட்ஜெட்டுல மொத வரியா எழுதுங்க.

மிச்சம் புடிக்க வழி இருக்கு, அதையும் சொல்லிடறேன். தைக்கக் கத்துக்கோங்க. வெயில்ல பாயோட துணிக்கு முன்னாடி தையல்தான் இத்துப்போகும், சாதாரண பாலியெஸ்டர் நூல் சில வருஷத்துல விட்டுப் போகும், அத நேரத்துல திரும்பத் தைச்சா பாயோட ஆயுசு கூடும், ஒரு நல்ல தையல் மெஷின் தன் விலைய தானே சம்பாரிச்சுக் குடுத்துடும். டீசல் இன்ஜின்ல ஆயில், ஃபில்டர், தண்ணி பம்புக்குள்ள சுத்தற ரப்பர் சக்கரமான இம்பெல்லர் இத நீங்களே மாத்துங்க. லெட் ஆசிட் பேட்டரில சார்ஜ பாதிக்குக் கீழ இறக்காதீங்க. நங்கூரத்துல மட்டும் சிக்கனம் வேணாம், ஒரு சைஸ் பெருசாவே வாங்குங்க, ராத்திரி தூங்கணும்ல.

படகு வாழ்க்கைய முடிச்சுக்கறதுக்கும் காசு வேணும், அத யாருமே எழுதறதில்ல. விக்கறதுக்கு மாசக்கணக்குல ஆகும், சில நேரம் வருஷத்தயே தாண்டும், அது வரைக்கும் மரினா, இன்ஷூரன்ஸ் ஓடிட்டே இருக்கும், வித்த விலையில பத்து சதவீதம் வரைக்கும் புரோக்கர் கமிஷன் போகும். கரைக்கு வந்து திரும்ப ஒரு வீடு புடிக்க முன்பணம் வேணும். இத மொத நாளே தனியா எடுத்து வெச்சவங்க வேணும்னப்ப நிம்மதியா கரை ஏறினாங்க.

உங்க கிட்ட கேட்டுக்கறது ஒண்ணுதான் சார். இனிமே இந்த மாதிரி கட்டுரை போடும்போது மாசம் எவ்வளவுங்கற நம்பரோட படகு எத்தன அடி, எத்தன வயசு, ரிக்கிங் எப்போ மாத்தினாங்க, இன்ஷூரன்ஸ் இருக்கா, எந்தக் கடல்ல இருக்காங்க, அந்த நம்பர்ல யார்டு செலவு சேத்தியா இல்லையான்னு கேட்டு அதையும் பக்கத்துலயே போடுங்க. பேட்டி குடுக்கறவங்க மறைக்க மாட்டாங்க, கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி