மெத்தையையும் எடை போட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆடித் தள்ளுபடிப் பக்கங்களைப் புரட்டினேன். மெத்தை விளம்பரங்களே ஐந்தாறு இருக்கும். எட்டு அங்குலம், பத்து வருட உத்தரவாதம், இரண்டு தலையணை இலவசம், போதாததற்கு, எலும்புக்கும் முதுகுக்கும் நல்லது என்ற அர்த்தத்தில் கொட்டை எழுத்தில் 'ஆர்த்தோ'. உள்ளே என்ன அடைத்திருக்கிறது, அதன் அடர்த்தி எவ்வளவு என்று ஒன்றிலாவது இருக்க வேண்டுமே! பணிக்காலம் முழுக்கத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைத்த ஆள் நான். எடை சொல்லாமல் ஒரு பொருளை விற்றால் கை அரிக்கிறது.

மகளுக்குச் சீர் வாங்குவதற்காக மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் ஃபோம் மெத்தையைக் காட்டி, "ஹை டென்சிட்டி சார், உக்காந்து பாருங்க" என்றார் பையன். ஹை என்றால் எத்தனை என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "32 சார்" என்றார். ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ இருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், ஆறு அங்குல கனம் என்றால் 0.46 கன மீட்டர். ஆக, மெத்தை கிட்டத்தட்ட பதினைந்து கிலோ இருக்க வேண்டும். பார்சல் போடுகிற தராசில் தூக்கி வைக்கச் சொன்னேன். உறையோடு சேர்த்தே பதினொன்றைத் தாண்டவில்லை. அப்படியென்றால் அடர்த்தி 24கூடத் தேறாது! "உங்களை மாதிரி யாரும் கேட்டதில்லையே சார்" என்றார் கல்லாக்காரர். அதைத்தான் நானும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

ஃபோமில் அடர்த்தி குறைந்தால் புதிதில் ஒன்றும் தெரியாது. படுக்கிற இடத்தில் போகப் போகக் குழி விழும். அப்போது உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தால், குழி இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், மெத்தையில் கறை இருக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளை குட்டி இருக்கிற வீட்டில் கறை இல்லாத மெத்தைக்கு எங்கே போவது?

எடையை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு. கழிவு ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற ரீபாண்டட் ஃபோம் நல்ல கனம் கனக்கும். அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை, அடியில் தாங்குவதற்கு ஏற்றதுதான். மேலே ஒரே ஒரு அங்குலம் ரப்பர் பாலில் செய்கிற லேட்டக்ஸ் வைத்து, கீழே முழுக்க இதைப் போட்டு, 'லேட்டக்ஸ் மெத்தை' என்று விலை சொல்வதுதான் அநியாயம். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டைக் கேளுங்கள்.

முழு லேட்டக்ஸ் என்றால் ரப்பர் பாலை நுரைக்க வைத்து வேகவைத்துச் செய்வது. துள்ளும், லேசில் குழி விழாது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். விலையும் ஃபோமைப் போலப் பல மடங்கு. கொடுக்க முடிந்தவர்களுக்கு அது நஷ்டமில்லை. மெமரி ஃபோம், 1960களில் அமெரிக்காவின் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவானது. உடம்புச் சூட்டில் இளகி ஆளை உள்வாங்கும், அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். மதுரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், எனக்கு அது வேண்டாம்.

தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய காயர் மெத்தை காற்றோட்டமானது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் கெட்டி. கெட்டியாக இருந்தால்தான் இடுப்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில், மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இந்த 'ஆர்த்தோ' என்கிற பட்டத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

நான் படுப்பது இலவம் பஞ்சு மெத்தையில். போடிப் பக்கத்துப் பஞ்சு. கடைக்காரர் கண் முன்னால் நிறுத்துக் கொடுத்தார் என்பதே எனக்குப் பாதி திருப்தி. இதிலும் கலப்படம் உண்டு, மில் கழிவுப் பஞ்சைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டு அழுத்தினால் தெரிந்துவிடும். இலவம் பஞ்சில் மெழுகுத்தன்மை இருப்பதால் மேலே வந்து மிதக்கும், கழிவுப் பஞ்சு ஊறி அடங்கிவிடும். மெத்தை அமுங்கிப் போனால் பிரித்து, பஞ்சை அடித்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, உறை மாற்றிக்கொள்ளலாம். குழி விழுந்த ஃபோமுக்கு இந்த வைத்தியமெல்லாம் கிடையாது. என்ன ஒன்று, அடிக்கடி வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். மகள் குடியிருப்பது சென்னையில் நாலாவது மாடி, மொட்டைமாடிச் சாவி சங்கத்தின் கையில். அதனால் அவளுக்குக் காயர் மெத்தையும் மேலே இரண்டு அங்குலம் 40 டென்சிட்டி ஃபோமும்தான் வாங்கினோம். வேறொரு கடையில், எடை பார்த்துத்தான்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் விலை, தயாரித்த மாதம், நீள அகலம் எல்லாவற்றையும் அச்சிடச் சொல்கின்றன. மெத்தைக்கு அடுக்கு வாரியாகப் பொருள், கனம், அடர்த்தி இவற்றையும் சேர்த்துவிட்டால் சிரமம் குறையும். உங்கள் விளம்பரப் பிரிவும் கம்பெனிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அதுவரை வாசகர்கள் அடர்த்தியைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வேறு சரக்கை அனுப்பினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர்,
மதுரை