என் பங்கையும் சேர்த்து ஜெபித்த அம்மாவுக்கும், உங்கள் எல்லாருக்கும்

அன்பானவர்களே,

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. நேற்று எங்களுக்கு அந்தக் காயத்தை உண்டாக்கியவரை நேரில் பார்த்து, "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொன்னதும் இதற்குள் பலர் காதுக்கு எட்டியிருக்கும். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ராத்திரியெல்லாம் எங்களோடு விழித்திருந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், கேட்காமலே கையில் பணத்தை வைத்துவிட்டுப் போனவர்கள், வக்கீலிடம் கூடவே வந்தவர்கள், உங்கள் எல்லாருக்கும் நன்றி. எங்களுக்காகக் கோபப்பட்டவர்களுக்கும்தான். எங்கள் வலியை உங்கள் வலியாக நினைத்ததால் வந்த கோபம் அது.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் வயதான அம்மா, அதிகம் பேசமாட்டார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களில் பலர் "மன்னிச்சிடும்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டியது. இந்த அம்மா அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஜெபக்குறிப்பு நோட்டை எடுத்துத் திறந்து காட்டினார். ஓரமெல்லாம் மடங்கிப்போன நோட்டு. எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே, அதே பேனாவில், அதே அளவு எழுத்தில், எங்களைக் காயப்படுத்தியவருடைய பெயர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோட்டை மூடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பேரை நீ இப்போ சொல்ல வேணாம்மா. உன்னால முடியாது, அது ஆண்டவருக்கும் தெரியும். உன்னால முடியுற வரைக்கும் உன் பங்கையும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன்."

அவ்வளவுதான். அப்புறம் பார்க்கும்போதெல்லாம் "இன்னைக்கும் சொன்னேன்மா" என்பார். என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்.

பைபிளில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை அதற்குப் பிறகுதான் நிதானமாக வாசித்தேன். ராஜாவிடம் பட்ட 10,000 தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த நூறு வெறும் சில்லறை என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. நூறு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்த கூலி. என் இழப்பை இயேசு சில்லறை என்று சொல்லவில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அவனுக்கு மன்னிக்கப்பட்ட கடனோ, ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 வெள்ளிப்பணம் என்று பார்த்தால், 6 கோடி நாள் கூலி. அத்தனையையும் இரங்கித் தள்ளிவிட்டவர் முன்னால்தான் நானும் தினமும் முழங்கால் போடுகிறேன்.

பைபிளில் வரும் யோசேப்பும் எடுத்த எடுப்பில் அண்ணன்மாரைக் கட்டிக்கொள்ளவில்லை. 17 வயதுப் பையனாக இருந்தபோது அவனை விற்றவர்கள், தானியம் வாங்க வந்து எதிரே நிற்கிறார்கள். ஒதுங்கிப்போய் அழுகிறான். அதற்கப்புறமும் தான் யாரென்று சொல்ல அவனுக்கு நாள் பிடிக்கிறது. தேவன் அவனை அவசரப்படுத்தவில்லை. என்னையும் அவசரப்படுத்தவில்லை.

வழக்கை வாபஸ் வாங்கப் போகிறீர்களா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. நடந்த உண்மையைக் கேட்கிற இடத்தில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவர் நாசமாய்ப் போக வேண்டும் என்று இனி நினைக்கமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் நன்றாக இருக்கட்டும்.

அம்மா, உங்கள் நோட்டில் அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள். இனி அந்தப் பெயரை உங்களோடு சேர்ந்து நானும் சொல்கிறேன். கோபம் திரும்பி வருகிற நாளில், மறுபடியும் என் பங்கை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.