ஃபெதர்ஸ்டன்ஹா கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

ஃபெதர்ஸ்டன்ஹா (Featherstonehaugh): எழுதினால் ஆங்கிலத்தில் 17 எழுத்து; பலர் வாயில் அது வெறும் ‘ஃபான்ஷா’. அந்தக் குடும்பப் பெயரைப் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. போட்டிருப்பது என் பெயர்தான், பாடுபட்டவர்கள் பலர்.

முதல் நன்றி, பழைய ஆங்கிலம் படித்த அக்காவுக்கு. ‘ஃபெதர்’ என்றதும் எல்லாரும் இறகைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது நான்கைக் குறிக்கும் பழைய முன்னொட்டு, பின்னால் வருவது கல், ஆக நான்கு கல்லால் ஆன கற்திட்டை என்று அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஹா’ ஆற்றங்கரைச் சமநிலம்.

அந்த நிலத்தைக் கண்ணால் காட்டியவர், நார்தம்பர்லாந்தின் ஹால்ட்விசிலில் எனக்குத் தங்க இடம் தந்த அம்மா. முட்டிவலியோடு சவுத் டைன் ஆறு வரை கூடவே நடந்தார். ஆறு வளைகிற இடத்தில் பாய் விரித்தாற்போல் பச்சைத் தரை, பக்கத்திலேயே ஃபெதர்ஸ்டன் கோட்டை. ஊரின் பெயர்தான் குடும்பத்துக்கு வந்தது. அதற்குமேல் அங்கே விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஃபான்ஷா என்றே எழுதும் குடும்பம் வேறு, அவர்கள் டெர்பிஷையர்காரர்கள் என்று நினைவூட்டிய நண்பருக்கும், சார்லஸ் மன்னருக்காகப் போரிட்டு 1651இல் செஸ்டரில் தலையிழந்த சர் திமோதி ஃபெதர்ஸ்டன்ஹாவின் தகவல்களைத் திரட்டித் தந்தவருக்கும் நன்றி.

நூலகத் தம்பிக்குத் தனியாகவே எழுதவேண்டும். பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹாவின் கடிதத்தை அவர்தான் தேடிப்பிடித்தார். 1848 மார்ச். முடிதுறந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் கிருதாவை மழித்துக்கொண்டு, மாறுவேடத்தில் படகிலிருந்து இறங்குகிறார். கரையில் நின்ற ஜார்ஜ், “என்ன மாமா, எப்படி இருக்கீங்க?” என்று கையைப் பிடித்து, ஆங்கிலத்தில் சளசளவென்று பேசிக்கொண்டே இங்கிலாந்து போகும் கப்பலில் ஏற்றிவிடுகிறார். மன்னருக்கு அன்று வைத்த பெயர் ஸ்மித்! தன் குடும்பப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால் மன்னர் துறைமுகத்திலேயே மாட்டியிருப்பார் என்பது என் கணிப்பு. கட்டுரையில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான்.

மெய்ப்புப் பார்த்த நண்பர், இந்தப் பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை வரிவரியாக ஒப்பிட்டார். அவர் கண்ணுக்கு நான் கடன்பட்டவன்.

பிரதிகள் தபாலில் வரும். முகவரி மாறியவர்கள் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளன்