பங்குனியோடு முடியும் பணி: கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட வன அலுவலர் அவர்கள், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், மற்றும் இம்மாவட்டத்தில் வாழிட மீட்புத் திட்டங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தாவரவியலில் இளங்கலை முடித்த கையோடு, பிச்சாவரம் உப்பங்கழியில் அலையாத்திக் காட்டை மீட்கும் பணியிலும், சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அந்தக் காட்டுக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் பணியிலும் நான்கு பருவங்கள் இருந்தவள் நான். பதவியின் பெயர் களப்பணியாளர். விதை பொறுக்குவது, பாக்கெட்டில் மண் நிரப்புவது, வாய்க்காலில் இறங்கித் தூர் அள்ளுவது, கன்றுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவது ஆகிய அனைத்தும் அந்தப் பெயருக்குள் அடங்கும். இத்துறையில் நுழைகிற எவரும் முதலில் கால் வைக்கும் படி இதுதான். அந்தப் படி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று உருவப்பட்டுவிடுகிறது. அதனால் காட்டுக்கும் பிள்ளைகளுக்கும் நேரும் இழப்பை எடுத்துச் சொல்லி, இந்த நடைமுறையை மாற்றித் தரும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வது இம்மடலின் நோக்கமன்று. அதன் நிலையில் இருந்த வேறு எந்த நிறுவனமும் அநேகமாக அப்படித்தான் செய்திருக்கும். ஆகஸ்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மழைக்கு முன்பே நாற்றங்கால் தயாரானது, கார்த்திகையில் நட்டு முடித்தோம், தை மாதத்தில் படம் எடுத்து அறிக்கை அனுப்பினோம். மார்ச் கடைசி வாரத்தில், அடுத்த தவணை நிதி வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிதியாண்டு முடிகிறது, திட்டமும் முடிகிறது என்ற கணக்கு தாளில் சரியாகவே இருந்தது. ஆனால் நட்ட கன்றுக்கு முதல் கோடை அப்போதுதான் தொடங்குகிறது. பள்ளி வளாகத்தில் மாணவர்களோடு நட்ட 60 புங்கன், பூவரசுக் கன்றுகளை ஜூன் மாதம் நானாகப் போய் எண்ணிப் பார்த்தேன். 14 மட்டுமே உயிரோடு இருந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறையில் இருந்தது, நானும் வேலையில் இல்லை.

உப்பங்கழியில் நிலைமை இதைவிட நுட்பமானது. அலையாத்திக்கு யாரும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதால், நட்ட பிறகு ஆள் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிச்சாவரத்தில் நிலம் எப்படிக் கெட்டது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மரங்களை முற்றாக வெட்டி எடுக்கும் முறை இங்கு இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே விழுந்து, ஈரம் வற்றி, சேறு அமுங்கித் தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போனது. விதை விழுந்தாலும் முளைக்காத திட்டுகள் அப்படித்தான் உண்டாயின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோர ஊர் மக்களும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டித் தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். தேங்கிய உப்பு கழுவப்பட்ட பிறகு, வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தை நட்டார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட சுமார் 1,479 ஹெக்டேர் பிச்சாவரத்தில், இன்று சுற்றுலாப் பயணிகள் படகில் போய் வியக்கும் பசுமைக்குள் அந்தச் சேற்று உழைப்பும் இருக்கிறது.

அந்த வாய்க்கால்கள் ஒருமுறை வெட்டினால் போதுமானவை அல்ல. வண்டல் படியும், கிளை வாய்க்கால்களின் வாய் அடைபடும். வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நன்னீர் வரத்து நின்றுபோகும் கோடையில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அடைப்பு அதிகம் கெடுக்கிறது. ஒரு முழம் வண்டலை மண்வெட்டியால் எடுத்துவிட்டால் ஒரு வரிசைக் கன்று பிழைக்கும். எந்த வாய் அடைபட்டிருக்கிறது என்று பார்க்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் பங்குனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இனிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். இம்மடலை எழுதத் தூண்டியவர்கள் அவர்கள்தாம்.

ஏழாம் வகுப்பு மாணவர்களை முதன்முறை காட்டுக்கு அழைத்துப் போனபோது, என் கையில் படம் போட்ட அட்டைகள் இருந்தன. கரையில் நின்று அலையாத்தியின் பயன்களைப் பத்து நிமிடம் பேசினேன், ஒருவரும் கேட்கவில்லை. அட்டையை மடித்து வைத்துவிட்டு, வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் வைத்த சிறுமி முகத்தைச் சுளித்து, "அக்கா, உப்புக் கரிக்குது" என்று கத்தினாள். அடுத்த நிமிடம் எல்லாருடைய வாயிலும் இலை இருந்தது. உப்பு எப்படி இலைக்கு வந்தது, வேர் ஏன் பென்சில் முனை போலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது, மிதித்தால் மரத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் அதன்பிறகு அவர்களிடமிருந்தே வந்தன. இன்னோர் அலையாத்தி மரமான சுரபுன்னையின் நீண்ட முளைக்குச்சியைக் கொடுத்து நடச் சொன்னால், பாதிப் பேர் தலைகீழாக ஊன்றுவார்கள். மரத்தில் இருக்கும்போதே விதை முளைத்துவிடுகிறது என்பதையும், கீழே தொங்கிய கூர்முனைதான் சேற்றுக்குள் போக வேண்டும் என்பதையும், தவறாக ஊன்றியதைப் பிடுங்கி மறுபடி ஊன்றும்போது கற்றுக்கொள்வதைப் போல எந்தப் பாடப்புத்தகமும் கற்பித்துவிட முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சுற்றுலாவில் இவ்வளவுதான் முடியும். இதற்கு மேலுள்ளது, ஒரே பிள்ளைகள் ஒரே இடத்துக்கு ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப வரும்போது மட்டுமே நடக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம், கோயிலின் தலமரம், பிச்சாவரத்தில் நிற்கிறது. சிதம்பரத்திலிருந்து வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கண்டதில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால், முதல் வருகையில் அதன் அருகே யாரையும் விடமாட்டேன், தொலைவிலிருந்து காட்டுவேன். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பது, உதிரும் முன் இலை செம்மை பூப்பது, எந்தக் கிளையைத் தொடக்கூடாது என்பது இவையெல்லாம் மூன்றாவது, நான்காவது வருகையில், என் சொல்லுக்குக் கட்டுப்படும் அளவுக்கு அவர்கள் என்னை அறிந்த பிறகே சொல்லக்கூடியவை. என் நான்கு பருவங்களில் ஒரே வகுப்பை நான்காம் முறை அழைத்துச் செல்ல எனக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை. சுற்றுச்சூழல் பள்ளிகளில் பாடமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. 2001-இல், பள்ளிகளில் சூழல் மன்றங்களை நடத்தும் தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டது. பாடமும் இருக்கிறது, மன்றமும் இருக்கிறது. அவற்றைச் சேற்றுக்கு அழைத்து வரும் ஆள்தான் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

எனக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அக்கா அவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. எந்தச் சேற்றில் முழங்கால் புதையும், எதில் இடுப்பு புதையும் என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நீர் வற்றும் வேளை நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போவதை நான் அட்டவணையில் தேடிக்கொண்டிருக்க, அவர் நிலவைப் பார்த்து மறுநாளைக்கு எப்போது கிளம்பலாம் என்று சொல்வார். நண்டு வளை உள்ள இடத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மூச்சுவிடாமல் இருக்கச் செய்து, நண்டு வெளியே வருவதைக் காட்டியவர் அவரே. நான் மாதச் சம்பளத்தில் களப்பணியாளர், அவர் தினக்கூலி. பட்டம் இல்லாததால் என் பதவிக்குக்கூட அவரால் விண்ணப்பிக்க முடியாது. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, இன்றும் உறுத்துகிறது.

விடாமல் ஓரிடத்தில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் அந்தச் செம்மண் மேடு மரமின்றி, மழைக்கு மழை மண் கரைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பொட்டல். அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் முதலில் வரப்பு போட்டு நீரை நிறுத்தினார்கள். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற எஞ்சிய திட்டுகளே இந்தக் கரையோரத்தில் இயல்பாக என்னென்ன மரங்கள் இருந்தன என்பதற்கு வழிகாட்டின. பல பத்தாண்டுகள் ஆன பிறகே அது காடு என்று சொல்லும்படி ஆனது. நட்டவரே கோடையிலும் அங்கு இருந்தார் என்பதுதான் அதில் நாம் பார்க்க வேண்டிய செய்தி.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது முதன்மையாக ஒன்று. இம்மாவட்டத்தில் அரசு நிதியிலோ, அரசின் ஒப்புதலோடு தனியார் நிதியிலோ நடைபெறும் எந்த வாழிட மீட்புத் திட்டத்திலும், தொடக்கநிலைக் களப்பணியாளரின் பணிக்காலம் நிதியாண்டைப் பின்பற்றாமல் மழையைப் பின்பற்ற வேண்டும்: ஓர் ஐப்பசியில் தொடங்கினால், குறைந்தது மூன்று மழையையும் அவற்றுக்கு இடைப்பட்ட கோடைகளையும் கடந்து முடிய வேண்டும். நிதித் தவணை தாமதமாகும் மாதங்களில் கூலி நின்றுபோகாமல் இருக்க, திட்டத் தொகையில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்குமாறு ஒப்புதல் ஆணையில் நிபந்தனை சேர்க்கலாம். புதிய துறையோ புதிய சட்டமோ இதற்குத் தேவைப்படாது.

இதனோடு ஒட்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5-இல் வருகிறது, வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. பள்ளிகள் அந்நாட்களில் கன்று நடுகின்றன. ஆனால் நம் மாவட்டத்துக்கு முதன்மையான மழை வடகிழக்குப் பருவமழை, அது அக்டோபரில்தான் வருகிறது. ஜூன் வெயிலில் பிள்ளை நட்ட கன்று அவன் கண்முன்னே கருகுவது, நடவே நடக்காமல் இருப்பதைவிட மோசமான பாடம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், பள்ளிகளின் நடவை ஐப்பசிக்கு மாற்றும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகாது. வேம்பும் நாவலும் பழுப்பது அப்போதுதான். வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்குவதால், பொறுக்கியதும் பாக்கெட்டில் ஊன்ற வேண்டும். பள்ளி திறந்ததும் நாற்றங்கால், மழை வந்ததும் நடவு என்று ஆண்டு தானாகவே அமைந்துவிடும்.

கல்வித் தகுதி நிபந்தனையில், உப்பங்கழியில் தொழில் செய்யும் குடும்பத்தினருக்குப் பட்டத்துக்குப் பதிலாக அனுபவத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அறிக்கைகளில் எத்தனை நட்டோம் என்ற எண்ணோடு, இரண்டாம் கோடைக்குப் பின் எத்தனை உயிரோடு உள்ளன என்ற எண்ணும் இடம்பெற வேண்டும். சேற்றுக் காலணி, மிதவைச் சட்டை, முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு ஆகியவை பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும் எவருக்கும் அவை இருந்தே ஆக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று அலையாத்திக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை நேரில் கண்டவர்கள் எங்கள் பெற்றோர். அந்தப் பேரலையின்போது பிறந்திராத பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் இன்று பாடம் சொல்கிறோம்.

கடைசியாக ஒன்று. நான் வேலையிலிருந்து நின்ற ஆண்டில், முதலில் இலையை நாக்கில் வைத்த அந்தச் சிறுமி, தன் வகுப்பு நட்ட வரிசையைத் தானாகவே எண்ணத் தொடங்கியிருக்கிறாள். மீன்பிடிக்கப் போகும் தன் தந்தையின் படகில் மாதம் ஒருமுறை போய், ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, உயிரோடு இருப்பதற்குச் சரி அடையாளமும், காய்ந்ததற்குக் கோடும் போட்டிருக்கிறாள். மார்ச் வரையிலான பக்கங்களில் பெரும்பாலும் சரி அடையாளங்கள். ஏப்ரல் பக்கத்திலிருந்து கோடுகள் கூடுகின்றன. மே மாதப் பக்கத்தின் ஓரத்தில், "மூன்றாவது வாய்க்கால் அடைச்சிருக்கு, யார்கிட்ட சொல்றது?" என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய பெற்றோரின் அனுமதியோடு அந்த நோட்டின் நகலை, வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இம்மடலுடன் இணைத்துத் தங்களிடம் நேரில் அளிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் களப்பணியாளர்,
கிள்ளை, கடலூர் மாவட்டம்.